அப்ரண்டிஸ்தானே!

1981-ல் பி.இ. முடித்துவிட்டுக் கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவே துக்கம் விசாரிப்பது போல விசாரித்தது. "பையன் என்ன பண்றான் சார்?" என்று கேட்டால் அப்பா, "கம்பெனில இருக்கான்" என்பார். "பர்மனன்ட்டா?" என்று அடுத்த கேள்வி வருவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். அவருக்கு ரயில்வே வேலை. எந்நேரமும் ஏதாவதொரு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு மாமா மட்டும் ஆறுதல் சொன்னார்: "குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல படிச்சவர்தானே போன வருஷம் ராக்கெட் விட்டாரு! அவரும் மொதல்ல பெங்களூரு எச்.ஏ.எல்.ல ட்ரெய்னியாத்தான் போனாராம்." கலாமின் எஸ்.எல்.வி.-3 1980 ஜூலையில் பறந்திருந்தது. அவருக்கு விமான எஞ்சின்கள் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஓர் இரும்புக் கட்டி.

முதல் மூன்று மாதம் ஃபைலிங். கட்டியை வைஸில் பூட்டி, அரத்தால் ராவி, 50 மில்லிமீட்டர் சதுரமாக்க வேண்டும். மூலைமட்டத்தை அதன் மேல் பொருத்தி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்கு மட்டும் அந்த இடுக்கில் சூரியனே உதித்தது. ஃபோர்மேன் வாங்கிப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் மறுபடி வைஸில் வைப்பார். ஒரு மூலையைச் சரிசெய்தால் எதிர் மூலை இறங்கிவிடும். மூன்றாவது வாரம் என் 50 மில்லிமீட்டர் 43-ல் வந்து நின்றது. ஐந்து வருஷம் பொறியியல் படித்தவன் இரும்பைப் பொடியாக்கிக்கொண்டிருக்கிறான் என்று ஐ.டி.ஐ. பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் கட்டிகளில் வெளிச்சம் தெரியவில்லை.

எங்களைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். அதற்கு ஒரு மூதாதை உண்டு: அநாதைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கைத்தொழில் பழக்க வெள்ளைக்காரன் 1850-ல் போட்ட சட்டம். 1973-ல் திருத்தம் செய்து பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் 61-ஆம் வருஷச் சட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அநாதைகளுக்கு அடுத்து யார் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மனப்பாடமான இடம் 22-ஆம் பிரிவு. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. கொடுத்தால் ஏற்க வேண்டிய கடமை அப்ரண்டிஸுக்கும் இல்லை. எவ்வளவு சமத்துவம் பாருங்கள்! கடைசி நாள் அவர்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தினார்கள். என் உரிமையைப் பயன்படுத்த எனக்கு வாய்ப்பே வரவில்லை. 2014-ல் அந்த வரியை மாற்றி, வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாகக் கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். 'பார்க்கலாம்' என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதினால் கொள்கை.

என் நண்பன் ஒருவனுக்கு அப்போதே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் பர்மனன்ட். கார் கம்பெனி, ஆயுசுக்கும் கவலையில்லை என்று உடனே பெண் கொடுத்தார்கள். 1988-ல் கம்பெனி நின்றுவிட்டது. பர்மனன்ட்டா என்று கேட்டவர்கள் யாரும் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது என் தங்கை பேத்தி அப்ரண்டிஸ். விசேஷ வீடுகளில் இந்தச் செய்தியை என் தங்கை தானாகவே எடுத்துச் சொல்கிறாள். பட்டப்படிப்போடு தொழிற்பயிற்சியும் பின்னியது, ஏ.இ.டி.பி. என்று பெயர். மூன்று வருஷப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை வேலையிடத்திலேயே கழிக்கலாம் என்பது யு.ஜி.சி.யின் 2025 விதிமுறை. வேலையிடத்து மணிகளுக்கும் கிரெடிட் உண்டு. அவை மதிப்பெண் பட்டியலில் ஏறும். நான் பட்டம் வாங்கியபின் அப்ரண்டிஸ் ஆனேன். இவள் அப்ரண்டிஸ் ஆகி, அதன் வழியாகப் பட்டம் வாங்குகிறாள்.

இவளுக்கு லாஜிஸ்டிக்ஸ். வண்டலூர்–ஒரகடம் சாலையில் ஒரு கிடங்கு. கம்பெனி கணக்கை ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் போட்டுப் பார்த்தோம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்கள் இருந்தாக வேண்டும். 2019 விதிகளின்படி பட்டப்படிப்புக்காரர்களுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. 18-ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸ் பயிலுபவர், தொழிலாளி அல்ல. லாரியிலிருந்து பெட்டி இறங்கும்போது மட்டும் அந்த வித்தியாசம் பெட்டிக்குத் தெரிவதில்லை.

"அப்ப காலேஜ் ஃபீஸ்?" என்றேன்.

"அது வழக்கம்போலத்தான் தாத்தா. நான் அங்க இருந்தாலும் செமஸ்டர் இங்கதானே நடக்குது."

இங்கிலாந்தில் 2015-லிருந்து டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்றே ஒன்று நடக்கிறது. அங்கே மாணவர் அந்த நிறுவனத்தின் ஊழியர், சம்பளம் வாங்குவார், பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு காசு கட்டுவதில்லை. நாம் பெயரைக் கொண்டுவந்துவிட்டோம். மற்றது கப்பலில் வந்துகொண்டிருக்கலாம். இங்கேயே கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஜோஹோவோ 2005 முதல் பிளஸ் டூ முடித்தவர்களைக் கூட்டி, உதவித்தொகையும் கொடுத்துத் தானே சொல்லிக்கொடுக்கிறது. அவர்கள் கேட்காத ஒரே பொருள் பட்டம்.

இருந்தாலும் முழுசாகக் கிண்டல் பண்ண முடியவில்லை. ஒரு நாள் பேத்தி சொன்னாள்: இன்வாய்ஸில் 48 பெட்டி, இறங்கியது 46. டிரைவர், "கையெழுத்துப் போடும்மா, ரெண்டு பெட்டிதானே, திண்டிவனம் தாண்டணும்" என்று கெஞ்சியிருக்கிறார். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்கிறார். இவள் லாரி ரசீதில் '2 குறைவு' என்று எழுதி, டிரைவரையும் பக்கத்தில் கையெழுத்துப் போட வைத்து, அப்புறம்தான் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறாள். பத்தொன்பது வயசு. அந்த வயசில் நான் ஆசிரியர் சொன்ன எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பகலுக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் கொடுக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதுதான் விவகாரம்.

எங்கள் காலத்தில் பயிற்சி டைரி என்று ஒன்று உண்டு. வாரா வாரம் என்ன கற்றோம் என்று எழுதி ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கினால்தான் தரமணி பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் வரும். 52 வாரத்தையும் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினேன். மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுத வேண்டும். ஒரே மை ஓடினால் சந்தேகம் வரும். ஃபோர்மேன் அத்தனையிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன ஞாயிறு பேத்தி போனும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். இப்போது டைரி போர்ட்டலில் ஏறுகிறது. நாலு வாரம் பாக்கி. ஏ.ஐ.யிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். நாலு வாரமும் 'சரக்கு மேலாண்மை குறித்து ஆழமான புரிதல் பெற்றேன்' என்று வந்திருக்கிறது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு தாத்தா. மேம் கண்டுபிடிச்சுடுவாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் வாரத்துக்கு அந்த இரண்டு பெட்டியை எழுது என்றேன். மூன்றாவது வாரம் என்ன பண்ணினாய் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள். அதற்கு என்னிடம் பழைய சரக்கு நிறைய இருக்கிறது.