கரகர காருக்கு என்ன வைத்தியம்?

(கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களைப் போடவில்லை. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் ஸ்டீரியோ மாற்றியவர்கள். ஊர் மட்டும் போதும்.)

சிக்னலில் வண்டியை நிறுத்தினால் பாட்டு கரகரக்கிறது. ஓரடி நகர்த்தினால் சரியாகிவிடுகிறது. சிவப்பு விளக்குக்கும் ரேடியோவுக்கும் என்ன பகை? (கோயம்புத்தூர்)

விளக்கு பாவம், அதன் மேல் பழி வேண்டாம். எஃப்.எம். அலை கோபுரத்திலிருந்து நேராகவும் வருகிறது, பக்கத்துக் கட்டடத்தில் மோதித் திரும்பியும் வருகிறது. இரண்டும் சில இடங்களில் ஒன்றையொன்று காலி செய்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 3 மீட்டர். அதனால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒரு பள்ளம் விழும். ஓடும்போது வண்டி பள்ளங்களைத் தாண்டிக்கொண்டே போகிறது, காதுக்குத் தெரிவதில்லை. நின்றால் சில சமயம் சரியாகப் பள்ளத்திலேயே நிற்கிறீர்கள். மருந்து: ஓரடி முன்னால் போங்கள். ஸ்டாப் லைனைத் தாண்டினால் ஃபைனுக்கு நான் பொறுப்பில்லை.

புது டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ போட்டேன். பழைய செட்டில் கணீரென்று வந்த ஸ்டேஷன்கள் இப்போது முனகுகின்றன. செட் டூப்ளிகேட்டா? (மதுரை)

செட்டைத் திட்டுவதற்கு முன்னால் நீல வயரைத் தேடுங்கள். இதே கதை என் மச்சான் வண்டியில் நடந்தது. மாட்டிக் கொடுத்த கடைக்காரர், "உங்க ஏரியாவுல டவர் வீக் சார்" என்றார். ஏரியா அதே ஏரியா, கோபுரமும் அதே கோபுரம். முந்தின நாள் வரை வீக்காக இல்லாதது செட் மாறிய அன்று மட்டும் எப்படி வீக் ஆகும்? செட்டை வெளியே இழுத்துப் பார்த்தோம். பின்னால் தொங்கிய கொத்தில் ஒரு நீல வயர், முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, யாருக்கும் வேண்டாத பிள்ளையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

விஷயம் இதுதான். இப்போதைய பல வண்டிகளில் ஏரியலின் அடியிலோ பின்கண்ணாடி அருகிலோ ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 12 வோல்ட் வேண்டும். செட்டை ஆன் செய்ததும் அந்த வோல்டேஜைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த நீல வயர்தான். சாப்பாடு போடாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் வேலைநிறுத்தம் செய்வது மட்டுமல்ல, வருகிற சிக்னலையும் வழியில் மறித்துவிடும். வயரைச் சேர்த்தோம், கொடைக்கானல் எஃப்.எம். வந்துவிட்டது. செலவு இரண்டு டீ. சில ஐரோப்பிய வண்டிகளில் கரண்ட் ஏரியல் கேபிள் வழியாகவே போகும். அதற்கென்று ஒரு சின்ன அடாப்டர் கடையில் கிடைக்கும். எதுவானாலும் செட்டோடு வந்த வயரிங் தாளைப் பார்த்துச் சேருங்கள். நிறத்தை மட்டும் நம்பி ஒட்டினால் ஃபியூஸ் போகும்.

நீளக் கம்பியைக் கழற்றிவிட்டு சுறாத்துடுப்பு ஏரியல் ஒட்டலாமா? அழகாக இருக்கிறதே! (சேலம்)

அழகுக்கு ஒட்டலாம், பாட்டுக்குக் கூடாது. எஃப்.எம்முக்குப் பொருத்தமான கம்பியின் நீளம் அலையில் கால் பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர். கம்பெனியில் வருகிற துடுப்பு உயரத்தில் இழந்ததை ஆம்ப்ளிஃபயர் வைத்து ஓரளவு ஈடுகட்டுகிறது. இருபக்க டேப்பில் ஒட்டுகிற துடுப்புகள் சிலவற்றுக்கு உள்ளே வயரே கிடையாது. அது ஏரியல் இல்லை, வண்டிக்கு வைத்த பொட்டு.

வாட்டர் வாஷுக்கு விட்டுவந்த நாளிலிருந்து ரேடியோ வரவில்லை. (தஞ்சாவூர்)

கூரையைப் பாருங்கள். பிறகு டிக்கியைப் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "ங்ஙொய்ய்" என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. (திருநெல்வேலி)

பென் டிரைவில் பாட்டுப் போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால் ரேடியோ குற்றவாளி இல்லை. ஆல்டர்னேட்டர் இரைச்சல் செட்டின் எர்த் வழியாக உள்ளே வருகிறது. எர்த் வயரை பெயிண்ட் சுரண்டிய நல்ல இரும்பில் இறுக்கச் சொல்லுங்கள். ரேடியோவில் மட்டும் வந்தால் ஏரியலின் அடிப்பகுதியைக் கழற்றிப் பாருங்கள். பாடியைத் தொடும் இடத்தில் துரு ஏறியிருக்கும். உப்புக்காற்று ஊர்களில் இது சர்வசாதாரணம்.

இரைச்சல் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் டேஷ்கேம், சிகரெட் லைட்டர் குழியில் செருகிய மலிவு சார்ஜர், புதிதாகப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தடவை சார்ஜர்தான் திருடன்.

சென்னை ஸ்டேஷன்கள் திண்டிவனம் தாண்டுவதற்குள் செத்துப்போகின்றன. கொடைக்கானல் 100.5 மட்டும் மாவட்டம் மாவட்டமாகக் கூட வருகிறதே, எப்படி? (திண்டுக்கல்)

மலை மேல் உட்கார்ந்திருப்பதால்தான். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட கண் பார்வை போல நேர்கோட்டில் போகும். கோபுரத்தைக் கண்ணுக்கு மறைப்பது எதுவோ, அது பாட்டையும் மறைக்கும். சென்னையில்தான் 1977இல் இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது. ஆனால் சென்னை சமதரை, கொடைக்கானலோ சுமார் 7,000 அடி. அத்தனை உயரக் கோபுரத்தை யார் கட்டிக் கொடுப்பார்கள்? ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் அதே கொடைக்கானலும் கைவிடும். காட் ரோட்டில் ஒரு ஹேர்பின்னில் பாட்டும் அடுத்ததில் கரகரப்பும் வருவது இதனால்தான். அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை.

செட்டில் "எல்.ஓ.சி." என்று ஒரு பட்டன் இருக்கிறது. எதற்கு? (கரூர்)

லோக்கல் என்று அர்த்தம். அது ஆனில் இருந்தால் தேடும்போது பலமான ஸ்டேஷனில் மட்டும் நிற்கும், மெலிந்தவற்றைத் தாண்டி ஓடிவிடும். ஊருக்குள் ஆன், நெடுஞ்சாலையில் ஆஃப். பக்கத்திலேயே மோனோ பட்டன் இருந்தால் கரகரக்கும்போது அதை அழுத்துங்கள். ஸ்டீரியோவுக்குப் பலமான சிக்னல் வேண்டும், மோனோவுக்குப் பழைய சோறே போதும்.

தனுஷ்கோடியில் காரை நிறுத்தினேன். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. எல்லை தாண்டிய குற்றமா? (பரமக்குடி)

தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் கடலைத் தவிர மறைக்க ஒன்றுமில்லை. அலைக்குப் பாஸ்போர்ட் கேட்கும் ஆள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. ஆனால் ஒரு காலத்தில் வீட்டு ரேடியோவுக்கும் கார் ரேடியோவுக்கும் தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கவேண்டியிருந்தது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்.

எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். அப்பா கேட்கும் திருச்சி வானொலி, மீடியம் வேவ் 936, அதில் இல்லவே இல்லை. (புதுக்கோட்டை)

மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி எழுப்பும் இரைச்சல் நேராக மீடியம் வேவ் மேல் விழுகிறது. அதை அடக்கச் செலவாகும் என்று சில கம்பெனிகள் மீடியம் வேவையே தூக்கிவிட்டன. அமெரிக்காவில் ஃபோர்டு அப்படித் தூக்கப் போய், எதிர்ப்பு கிளம்பியதும் 2023இல் பின்வாங்கியது. நம் ஊரில் அப்படி யாரும் கொடி பிடிக்கவில்லை. அப்பாவுக்கு போனில் ஆகாசவாணியின் "நியூஸ் ஆன் ஏர்" செயலியைப் போட்டுக் கொடுங்கள்.

அதுதான் போன் இருக்கிறதே! காரில் ரேடியோ எதற்கு? (நாகப்பட்டினம்)

நாகப்பட்டினத்துக்காரர் இதைக் கேட்கலாமா? 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது உங்கள் பக்கம் கரண்டும் போயிற்று, செல்போன் கோபுரங்களும் பேச்சை நிறுத்தின. வாசலில் நின்ற காரில் பேட்டரி இருந்தது. ஏரியலைக் கழற்றி பீரோவில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் மாட்டிவிடுங்கள்.