யார் வீட்டுப் பிள்ளை?

கென்ட், பெல்ஜியம்
8-4-2025

மகாராஜராஜஸ்ரீ பெரிய மாமா அவர்களுக்கு,

இவ்வூர் ஜனங்கள் மாலை வேளையில் எதைப் பற்றி வம்பு பேசுவார்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்த் திண்ணையில் அரசியலுக்கும் சங்கீதத்துக்கும் எந்த ஸ்தானமோ, அந்த ஸ்தானம் இங்கே சைக்கிள் பந்தயத்துக்கு என்று சொன்னால் என் புத்தி ஸ்வாதீனத்தைத் தாங்கள் சந்தேகிக்கக்கூடும். ஆனால், 1913-ஆம் வருஷம் தொடங்கிய பிளாண்டர்ஸ் பந்தயம் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது, கருங்கல் பாவிய குன்றுப் பாதைகளின் இருபுறமும், தேர் பார்க்க நிற்பது போல, மஞ்சள் சிங்கக் கொடியும் கையுமாகக் காலை முதல் காத்து நின்று, ஓட்டுகிறவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போனதும், ஜன்ம சாபல்யம் அடைந்தவர்களாய் வீடு திரும்பிய ஜனத்திரளை நான் கண்ணாரக் கண்டேன்.

பந்தயம் முடிந்த பிறகுதான் உண்மையான பந்தயம் தொடங்கியது. எங்கள் தெருமுனை பீர்க்கடை வாசலில் நித்தியம் கூடும் சபையில் மூவர் பிரதானம்: என் வீட்டுக்காரப் பெரியவர், எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரர், மாடியில் குடியிருக்கும் லக்ஸம்பர்க் அம்மாள். மூவரில் ஒருவரும் சைக்கிளில் ஏறிப் பல வருஷங்களாயின என்பதை அவர்களுடைய தேக அமைப்பே தெரிவிக்கும்.

எந்தத் தேசம் பெரிது என்பது விவாதம். 1903-ல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் தம்மவர் 36 முறை ஜயித்திருப்பதைப் பிரெஞ்சுக்காரர் பிரஸ்தாபித்தார். "கடைசியாக ஜயித்தது 1985-ல், நாற்பது வருஷத்துப் பழங்கஞ்சி!" என்றார் பெரியவர். "உங்களுடையது 1976, அது இன்னும் ஒன்பது வருஷம் புளித்தது" என்று பதில் வந்தது. உடனே பெரியவர், எப்போதும் போல, பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் என்ற பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: ஐந்து டூர், ஐந்து இத்தாலியப் பந்தயம், மொத்தம் 525 வெற்றி. அதுவரை மௌனமாயிருந்த அம்மாள், ஏழு லட்சம் பேர்கூட இல்லாத தம் தேசம் ஐந்து டூர் ஜயித்திருப்பதையும், பிரான்ஸிலோ 19 லட்சம் பேருக்கு ஒரு வெற்றிதான் தேறுகிறது என்பதையும் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆக, எண்ணிக்கையால் அளந்தால் பிரான்ஸ், ஒற்றை மனிதனால் அளந்தால் பெல்ஜியம், விகிதத்தால் அளந்தால் லக்ஸம்பர்க். அவரவர் படியை அவரவரே கொண்டுவந்து அளக்கும் சந்தையில் யாருக்குத்தான் குறையும்?

அதற்கு மேல், வீரன் எந்தத் தேசத்தவன் என்பதே வழக்காகிவிடுகிறது. முதல் டூரை ஜயித்த மோரிஸ் காரான் இத்தாலியில் பிறந்து, புகைபோக்கி துடைத்துப் பிழைத்து, பிறகு பிரெஞ்சுப் பிரஜையானவர் என்பதால், அந்த 36-ல் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பது பெரியவர் வாதம். மத்தியூ வான் டெர் பூல் என்பவரோ பிறந்த மண் பெல்ஜியம், பிரஜா உரிமை ஹாலந்து, தாயாரைப் பெற்ற தகப்பனார் பிரான்ஸ் கொண்டாடிய பூலிதோர். ஆகையால் அவர் ஜயிக்கும் நாட்களில் மூன்று தேசத்தார் உரிமை கொண்டாடுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்லோவேனியாவின் பொகாச்சார் ஜயிக்க, வான் டெர் பூல் மூன்றாவதாக வந்தார். 'எங்கள் பிள்ளை' என்று சொல்ல ஒரு பிராணி வரவில்லை.

இந்தக் கட்டத்தில், "உன் தேசத்தில் யார்?" என்று என்னைக் கேட்டார்கள். மானத்தைக் காக்கத் தங்களைச் சொல்லும்படி நேர்ந்தது, மன்னிக்க வேண்டும். தாங்கள் மன்னார்குடிப் பள்ளிக்கூடத்துக்கு அந்த ராலே சைக்கிளில் போக வர 20 கிலோமீட்டர், வருஷத்துக்கு 200 நாள், 34 வருஷம் மிதித்த கணக்கைச் சொன்னேன். பெரியவர் பென்சிலைப் பிடுங்கிப் பெருக்கினார்: 1,36,000 கிலோமீட்டர். டூர் ஒன்றுக்குச் சுமார் 3,400 என்று வகுத்தார்: 40 டூர். "மெர்க்ஸ் ஓட்டியதே ஏழு" என்று முணுமுணுத்துவிட்டு, கியர் உண்டா என்று கேட்டார்; இல்லை, பின்னால் நோட்டுப் புத்தக மூட்டைதான் உண்டு என்றேன். தொப்பியைக் கழற்றினார்.

சமுத்திரக் கரை பக்கமா என்று கேட்டதற்கு, நாகப்பட்டினம் சமீபம் என்று சொன்னதுதான் என் பிசகு. அங்கே 1658 முதல் டச்சுக் கம்பெனி இருந்ததே, அதன் சிப்பாய்களில் பிளாண்டர்ஸ்காரன் ஒருவனாவது இருந்திருக்க மாட்டானா, தங்கள் பாட்டியார் எந்த ஊர் என்று பெரியவர் விசாரிக்கலானார். காரைக்காலும் கிட்டத்தான் என்று பிரெஞ்சுக்காரர் மேஜையைத் தட்டினார். இரண்டாயிரம் பேர் உள்ள நம் கிராமத்துக்கு 40 டூர் என்றால் தம் விகிதம் என்னாவது என்று எண்ணியோ என்னவோ, அம்மாள் மட்டும் வாய் திறக்கவில்லை.

வம்சாவளி கேட்டு யாராவது கடிதம் எழுதினால் பதில் போட வேண்டாம். ஆனால், கொல்லைப்புறத்து ராலேயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவும் வேண்டாம். பக்கத்து ஊரில் பிளாண்டர்ஸ் பந்தயத்துக்கென்றே ஒரு மியூஸியம் இருக்கிறது, பெரியவர் இன்று காலை அங்கே போய் இடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் மருமான்