பிரதம அதிதிக்குச் சில குறிப்புகள்

மாண்புமிகு அதிதி அவர்களே, மலையக மக்களின் பங்களிப்பைப் பாராட்டிப் பேச உங்களைச் சப்ரகமுவத் தோட்டமொன்றுக்கு அழைத்திருக்கிறார்கள். பொட்டு, மாலை, மேளதாளம் எல்லாம் உண்டு. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். நுவரெலியாவில் வாசித்த தாளையே கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வாசிக்கலாம். நடுவில் இரண்டு இடத்தில் 'இறப்பர்' என்று சேர்த்துக்கொண்டால் போதும். 1823இல் வந்தார்கள், காட்டை வெட்டினார்கள், ரோட்டுப் போட்டார்கள், அட்டைக்கு இரத்தமும் நாட்டுக்கு டொலரும் கொடுத்தார்கள். கைதட்டல் நிச்சயம். 2023இல் இருநூறாவது ஆண்டு மேடைகளிலும் இதற்குத்தான் தட்டினார்கள்.

உருளவள்ளியைப் பற்றி மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள்.

கேகாலைப் பக்கத்துத் தோட்டம் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் நேவ்ஸ்மியர். 1946இல் கிராமத்தவருக்குக் காணி பிரித்துக் கொடுக்க அரசு அதை எடுத்துக்கொண்டது. விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க, பிற்காலத் தேசபிதா. கிராமத்தவருக்குக் காணி இல்லாதது உண்மைதான். அவர்களுடைய காட்டையும் சேனையையும் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பிடுங்கித் துரைமாருக்கு விற்றது வெள்ளைக்கார அரசாங்கம். ஆனால் "வெளியே போ" என்ற நோட்டீஸ் போனது லயத்துக்கு! பிடுங்கியவனுக்குக் காசு, கூலிக்கு உழைத்தவனுக்குத் தெரு.

அவர்கள் போகவில்லை. அவர்களுக்காகக் கேகாலைத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. சொந்தக் காம்பராவில் இருந்த குற்றத்துக்கு அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தனக்கு உரிமை உண்டென்று மனதார நம்பி இருந்தவன் குற்றவாளி ஆகமாட்டான் என்று 1950இல் தீர்ப்பு வந்தது.

வென்றவன் திரும்பிப் பார்த்தான், நாட்டைக் காணோம். 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பிடுங்கியாயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனம் கொடுத்த வாக்கு அல்லவா, விட்டுவைப்பார்களா? லயத்தில் இருப்பது குற்றமில்லையாம். நாட்டில் இருப்பதுதான் குற்றமாம். வாக்கைப் பிடுங்கியபோது அந்த அரசில் அமைச்சராக வீற்றிருந்தவர்களில் ஒருவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள். அசையவில்லை. 1964 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேரை அங்கே, 300,000 பேரை இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பத்து வருடம் தொங்கவிட்டு, பிறகு பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கொழுந்து மடுவத்திலாவது கூடைக்காரி தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பாள். இங்கே நிறுக்கப்பட்டவளை யாரும் கூப்பிடவில்லை.

1981 ஆகஸ்டையும் தவிர்த்துவிடுங்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஆண்டு என்று 1981ஐ எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில் இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் தோட்ட மக்களை அடித்து, கொள்ளையடித்து, லயங்களுக்கு நெருப்பு வைத்தது உங்கள் தாளில் இராது. தனிநாடு கேட்காத சனம். காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் காட்டுக்குள் ஒளிந்த சனம்.

2003இல் எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்ததைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்லாதீர்கள், வழங்கினோம் என்று சொல்லுங்கள். அதற்கும் தட்டுவார்கள், கட்சிக்காரர்களை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம்.

கேள்வி நேரம் மட்டும் வேண்டாம். வீட்டுக்காணி ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்று யாராவது தொடங்குவார்கள். ஒரு கிழவி எழும்பி, "நான் பொறந்த காம்பரா இப்ப யாரு பேர்ல இருக்குங்கய்யா?" என்று கேட்டாலும் கேட்பாள். வாகனத்தை மேடைக்குப் பின்னால் திருப்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.