மலைச்சாலையில் மிதிவண்டி ஏறுவது தொடர்பாக ஒரு மனு

பெறுநர்: பவானிப் பள்ளத்தாக்கிலிருந்து நீலகிரிக்கு ஏறும் சாலைகளின் மேலான அதிகாரம் அவர்கள். (தாருக்கு ஒரு துறை, ஓரத்து மரத்துக்கு ஒரு துறை, சாவடிக்கு ஒரு துறை, நெரிசலுக்கு ஒரு துறை என்று இருப்பதால் பதவிப் பெயர் குறிப்பிடப்படவில்லை. உரியவர் தாமே எடுத்துக்கொள்ளவும்.)

பொருள்: மேற்படி சாலைகளில் மிதிவண்டி என்ற ஒன்று ஏறி வருவதை மேலான கவனத்துக்குக் கொண்டுவருதல் தொடர்பாக.

பவானி ஆறு நீலகிரியின் மேல்பவானிப் பகுதியில் பிறக்கிறது. கேரளத்து அட்டப்பாடிக்குள் இறங்கி, முக்காலி அருகே கிழக்கே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து மேட்டுப்பாளையத்தைத் தொடுகிறது. சுமார் 217 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, மாநில எல்லையை இரண்டு முறை எந்தச் சாவடியிலும் நிற்காமல் கடப்பது கோப்பில் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆற்றோரத்திலிருந்து மலைக்கு மிதிவண்டியில் ஏற மூன்று தார்ச்சாலைகள் உண்டு: பர்லியார் வழியாகக் குன்னூர், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி, கெத்தை வழியாக மஞ்சூர்.

முதலாவது, எல்லாரும் அறிந்த குன்னூர்ச் சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு வரை சமதளம். பாக்குத் தோப்புகள் முடிந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், குன்னூர் நிலையம் 1,711 மீட்டர் உயரத்தில் உள்ளன. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ வண்டியோடு இந்த உயரத்தை ஏற உடம்பு ஏறத்தாழ 1,100 கிலோகலோரி செலவழிக்க வேண்டும். அதாவது இருபது இட்லி. இந்த எரிபொருளுக்கு வரியோ புகைச் சான்றிதழோ இதுவரை விதிக்கப்படவில்லை. விதிக்கும் உத்தேசம் இருந்தால் சட்னியைக் கணக்கில் சேர்க்காமலிருக்க வேண்டப்படுகிறது.

இவ்வளவு உயரத்தை ஏறியும் சாலையின் சாய்வு சராசரியாக ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. குன்னூர் மலைப்பாதை போடப்பட்ட 19ஆம் நூற்றாண்டில் அதில் ஏறியவை மாட்டு வண்டிகள். நுகத்தடியில் பூட்டிய காளை மூச்சு வாங்காமல் இழுக்கும் அளவுக்கே சரிவு வைத்தார்கள். பாதையைப் போட்ட பொறியாளர் லாவின் பெயரில்தான் வழியிலுள்ள லாஸ் அருவி இருக்கிறது. பேருந்தும் லாரியும் காரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. சாலையை யாருடைய வேகத்துக்காக வகுத்தார்கள் என்று பார்த்தால், காளைக்கு இன்றிருக்கும் ஒரே சட்டப்படியான வாரிசு மிதிவண்டிதான். வாரிசுச் சான்றிதழுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டுமா என்பதைத் தெரிவிக்கவும்.

பக்கத்திலேயே மலை ரயில் போகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே அதன் பாதை 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது, சாலையைவிடச் செங்குத்து. பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேற்படாமல் ஏறிக் குன்னூர் சேர அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பழகிய மிதிவண்டிக்காரர் அதற்கு முன்பே குன்னூரில் டீ குடித்துக்கொண்டிருப்பார். மெதுவாகப் போவதற்காக ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மிதிவண்டிக்குப் பின்னாலிருந்து ஹாரன் கிடைக்கிறது.

கொண்டை ஊசி வளைவு பற்றி ஒரு விளக்கம் தேவை. கீழேயிருந்து பார்ப்பவர் அதைத்தான் கடினம் என்று நினைப்பார். இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த மலைச்சாலை நெறிகளின்படி, வளைவில் சாய்வு நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒழுங்காகப் போட்ட வளைவு ஏறுபவருக்கு இளைப்பாறும் இடம்; உண்மையான பாடு இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள நேர்ச்சாலையில்தான். வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு மென்மை. மிதிவண்டி வெளிவிளிம்பை நாடும்போது, மேலிருந்து இறங்கும் சுற்றுலா வேனும் அதே விளிம்பை நாடுகிறது. அங்கே ஒரு குவியாடி இருந்தால் இருவருக்கும் நல்லது.

கோத்தகிரிச் சாலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரம் ஏறக்குறைய அதே, வளைவுகள் அகலம், நெரிசல் குறைவு. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைச் சரிவுகளுக்கு யானைகள் வரும் என்பதால் விடிந்த பிறகு கிளம்புவதே முறை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கும் வழக்கம் இருக்கிறது. எதிரே வண்டி வராத மலைச்சாலை மிதிவண்டிக்காரருக்குக் கிடைக்கும் பெரும் பேறு. இது அவருக்காகச் செய்ததல்ல என்றாலும் நன்றி பதிவு செய்யப்படுகிறது.

மூன்றாவது வழிதான் பள்ளத்தாக்கின் உள்ளே போவது. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர். 43 கொண்டை ஊசி வளைவுகள். கோயம்புத்தூருக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணை இந்தப் பக்கத்துப் பவானியில்தான் இருக்கிறது. கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தின் நிலையங்களும் இந்தச் சரிவுகளில்தான். ராட்சதக் குழாய்களில் தண்ணீர் கீழே பாய, மனிதர் மேலே மிதிக்கிறார். கடை அரிது, கைப்பேசிச் சமிக்ஞை அதைவிட அரிது, யானை தாராளம். “இங்கே வாகனங்களை நிறுத்தாதீர்” என்ற பலகையை மிதிவண்டிக்காரர் மதிக்கவே விரும்புகிறார்; நின்றுபோவது அவருடைய மூச்சு. சத்தமில்லாத வண்டி என்பதால் வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் யானைக்கு அவர் வருவது தெரியாது, அவருக்கும் யானை நிற்பது தெரியாது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் இந்தச் சாலையில் மிதிக்காமல் இருப்பது நல்லது.

ஏறியவர் இறங்கியாக வேண்டும். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் கணிசமான பங்கு இறங்கும்போது பிரேக்கில் சூடாக மாறுகிறது. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டு, முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். “இரண்டாம் கியரில் இறங்கவும்” என்ற அறிவிப்பு இவருக்குப் பயன்படாது, ஏனெனில் மிதிவண்டியின் கியர் வேகத்தைக் கட்டுப்படுத்தாது. வெள்ளையடிக்காத வேகத்தடை, சாலையோரத்தில் வரிசையாகப் பதித்த ஒளிர்வில்லைகள், சக்கர அகலத்துக்கே அளவெடுத்ததுபோல் நீளவாக்கில் திறந்திருக்கும் வடிகால் கம்பிகள் ஆகியவை இவரை நேரில் கண்டிராத ஒருவரால் வரையப்பட்டவை. மசினகுடிப் பக்கத்துக் கல்லட்டிப் பாதையிலோ (36 வளைவுகள், மூன்று சாலைகளையும்விடச் செங்குத்து) வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்கக் கூடாது. அந்தத் தடை மிதிவண்டிக்கும் பொருந்துமென்றால், வெளியூர்க்காரருக்கு அங்கே வேதனைக்கு மட்டும் அனுமதி.

இ-பாஸ் விஷயத்திலும் ஒரு சிக்கல். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் வரம்பிட்டது. படிவம் வாகனப் பதிவெண் கேட்கிறது. மிதிவண்டிக்கு அது கிடையாது. எனவே நெரிசலைக் குறைக்கும் திட்டத்தில், நெரிசலே உண்டாக்காத வண்டி எந்தக் கணக்கிலும் வராமல் நிற்கிறது.

புது விதி எதுவும் கேட்கப்படவில்லை. மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நாட்டின் சாலை விதிகளில் ஏற்கெனவே உள்ளது. ஏறும் வண்டிக்கு இன்ஜின் இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் நோக்கமாக இருக்க முடியாது. ஆகவே மூன்று சாலைகளிலும் அந்த விதியைத் தமிழில் பலகையாக வைக்கவும், ஏறும் பக்கத்து ஓரத்தில் அரை மீட்டர் தாரைக் கல்லும் மணலும் இல்லாமல் பெருக்கி வைக்கவும், வடிகால் கம்பிகளைக் குறுக்குவாக்கில் மாற்றவும், வேகத்தடைகளுக்கு வெள்ளையடிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. நிதி போதவில்லை என்றால் வெள்ளையடிப்பதையாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துத் தரவும்.