மரத்தைப் பார்க்காதீங்க சார்!

நடுவட்டத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், வண்டி பழுதாகிவிட்டது என்றுதான் ஊர்க்காரர்கள் முடிவு செய்வார்கள். ஒரு பக்கம் பைக்காராவுக்கு ஏற்றம், மறுபக்கம் கூடலூருக்கு இறக்கம் என்று கிடக்கிற ஊரில் சைக்கிளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஆகவே ஜீப் டிரைவர் இரக்கப்பட்டு நிறுத்துகிறார். "மேல ஏத்துங்க சார், பஜார்ல இறக்கி விட்டுடறேன்." முகம் முழுக்க மூடிய ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது: "இல்லண்ணே, டிரெய்னிங்."

இந்த டிரெய்னிங்காரரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, அதைப் படத்தோடு உலகுக்கு அறிவிக்கிறவர். 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணத்தில் ஒருமுறை சேர்ந்து, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்க ஏறிக் காட்டியவர். ஏற்றத்துக்கு அவர் அஞ்சியதே இல்லை. இறக்கம்தான் சிக்கல். தார் முடிந்து மண்ணும் கல்லும் தொடங்கிவிட்டால் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவார். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்த மலைச்சைக்கிள் முகாம்.

வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை, கையில் இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம். சைக்கிளின் விலையை அவர் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள் கேட்கும்வரை அதன் பக்கத்திலேயே நிற்பார்.

பயிற்சியாளர் கூடலூர்ப் பக்கத்துப் பையன். வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். விலையைக் கேட்கவில்லை. குனிந்து டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான்.

"எவ்ளோ காத்து சார்?"

"அறுபது பி.எஸ்.ஐ. ஃபுல்லா அடிச்சுட்டு வந்திருக்கேன்."

பையன் வால்வைத் திறந்தான். புஸ்ஸென்று பாதிக்கு மேல் போயிற்று. "டயர் கொஞ்சம் நசுங்கினாத்தான் சார் கல்லைப் பிடிக்கும். இதுல போனா பந்து துள்ளற மாதிரி துள்ளுவீங்க." அடுத்து சீட்டை இறக்கினான். அதற்கடுத்து அவரையே சீட்டிலிருந்து எழுப்பி நிற்க வைத்தான். இரண்டு பெடலும் ஒரே மட்டம், குதிகால் கீழே, முழங்கை வெளியே, பிரேக்கில் ஒரே ஒரு விரல். இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் அவர் மூச்சுவிட மறந்துவிடுகிறார்.

முன் பிரேக்கை அவர் தொடுவதே இல்லை. பத்து வயதில் வாடகை சைக்கிள் கடைக்காரர் "முன்னாடி பிரேக்கைப் பிடிச்ச, குப்புற விழுவடா" என்று மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது. வண்டியை நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குத்தான் போகிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் அதற்குத்தான். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும் என்று பையன் மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். இவர் தலையாட்டினார். விரல் ஆடவில்லை.

காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளையும் ஓட்ட முடியாது என்பதால், பயிற்சி நடப்பது எஸ்டேட் மண்பாதையில். ஜீப் தாராளமாகப் போகும் அகலம். ஓரத்தில் நிழலுக்கு நட்ட ஒரே ஒரு சில்வர் ஓக். இவர் மேலிருந்து அந்த மரத்தைப் பார்க்கிறார். அதில் மோதக்கூடாது என்று நினைக்கிறார். மோதக்கூடாது, மோதக்கூடாது என்று பார்த்துக்கொண்டே இறங்குகிறார். மோதுகிறார்.

"மரத்தை ஏன் சார் பார்க்கறீங்க? கண்ணு எங்க போகுதோ தோள் அங்க போகும், தோள் போற பக்கம் ஹேண்டில்பார் போகும். வழியைப் பாருங்க! திரும்ப மேல போங்க!"

இரண்டாம் முறையும் மரம். இந்தத் தடவை பையன் குரலை உயர்த்தினான். "காது கேக்குதா இல்லையா சார்? எத்தனை வாட்டி சொல்றது?" ஹெல்மெட்டைக் கழற்றிய இவர் முகத்தைப் பார்க்கிறேன். கோபம் இல்லை. ஒரு மலர்ச்சி! பள்ளிக்கூடப் பையனின் பவ்யத்தோடு "சாரி கோச்" என்கிறார்.

அவர் ஏன் இங்கே வருகிறார் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. மேனேஜர் ஆனதிலிருந்து இந்த மனிதரை யாரும் திட்டுவதில்லை. கீழே இருப்பவர்கள் ஆமாம் சார் போடுகிறார்கள். மேலே இருப்பவர் திட்டுவதையும் புன்னகைக் குறி போட்டு மெயிலில் அனுப்புகிறார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சல்யூட் வைக்கிறார். மகன் காதில் எப்போதும் ஹெட்போன். மனைவி திட்டிப் பார்த்துப் பலனில்லை என்று விட்டுவிட்டார். நீ செய்வது தப்பு, திரும்பச் செய் என்று நேருக்கு நேர் சொல்ல ஆளில்லாத வாழ்க்கை ஒருவகை அனாதைத்தனம்தான். அதற்கு மருந்து நடுவட்டத்தில் கிடைக்கிறது, தங்குமிடம் சாப்பாடு உட்பட.

பக்கத்தில் அரசின் 'டேன்டீ' தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இதையெல்லாம் பார்த்தபடி இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் இந்தத் தேயிலைத் தோட்டங்களை அரசு தொடங்கியது. கங்காணியின் அதட்டல் எப்படி இருக்கும் என்பதைப் பாட்டி காலத்திலிருந்தே அறிந்தவர்கள். ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, அவரைப் போட்டு இப்படி ஏசுறீங்க? வயசான மனுசன். எவ்வளவு கூலி குடுக்கிறீங்க அவருக்கு?"

"நான் எங்கக்கா குடுக்கிறேன், அவருதான் எனக்குக் குடுக்கிறாரு."

அந்த அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இங்க பாருங்கடி, ஏச்சு வாங்குறவரே காசும் குடுக்கிறாராம்!" அன்று அந்தச் சரிவில் கொழுந்து பறிப்பு கொஞ்ச நேரம் நின்றுதான் போனது. இதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் சின்கோனாத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. அவர்கள் இந்தச் சரிவுகளில் ஏறியது கட்டாயத்தின் பேரில். இவர் முன்பணம் கட்டி ஏறுகிறார்.

காட்டுமாடு வரும் என்பதால் இருட்டிய பிறகு வெளியே போக அனுமதி இல்லை. தீ மூட்டி, காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டு உட்காரும்போது இவருடைய முறை வருகிறது. மலைச்சைக்கிளின் வரலாறு முழுக்க அவருக்கு மனப்பாடம். கலிஃபோர்னியாவில் டமல்பயஸ் மலைப்பக்கம் 1976-இல் 'ரீபேக்' பந்தயம் தொடங்கியது. பழைய சைக்கிள்களில் இளைஞர்கள் இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்கில் சூடேறி கிரீஸ் புகைந்தே தீர்ந்தது. திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். இருபதே வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், அதே விளையாட்டு ஒலிம்பிக்கில் ஏறியது. எல்லாரும் வாய்பிளந்து கேட்கிறார்கள். பையன் மட்டும் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னான்: "அவங்க பிரேக்கை எரிச்சது இறக்கத்துல சார். நீங்க சமதளத்துலயே எரிக்கிறீங்க." சிரிப்பில் இவர் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

மறுநாள் மத்தியானம் அது நடந்தேவிட்டது. கண் வழியில், விரல் முன் பிரேக்கில், குதிகால் கீழே. சில்வர் ஓக்கைத் திரும்பியும் பாராமல் அடிவரை ஒரே ஓட்டமாக இறங்கிவிட்டார். பையன் கைதட்டினான். "சூப்பர் சார்! இனி சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா? முழங்கை?"

"கரெக்டா இருந்துச்சு சார்."

"அந்த ரெண்டாவது வளைவுல கொஞ்சம் சீக்கிரம் பிரேக் போட்டேனே?"

"அங்க அப்படித்தான் சார் போடணும்."

முகம் லேசாக வாடிற்று. சாயங்காலம் ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக் கட்டும்போது கருத்துப்படிவம் ஒன்று கொடுத்தார்கள். தங்குமிடம், சாப்பாடு, பாதை எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டார். கடைசியில் 'மேலும் மேம்படுத்த வேண்டியவை' என்று இருந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: 'இரண்டாம் நாள் கண்டிப்பு போதவில்லை.'