அரண்மனை சிபாரிசு

கேள்வி: வெளிநாட்டில் படிக்கப் போனால், அங்கே ஒரு குடும்பத்தின் ஆதரவில் இருப்பது நல்லதா? (வாசகர், மைசூரு)

பதில்: எந்தக் குடும்பம் என்பதைப் பொறுத்தது! ரிகாவில் பிறந்த இந்திரா தேவி, 1930களின் பிற்பகுதியில் யோகம் கற்க உங்கள் ஊருக்கு வந்தார். ஆதரவு தந்தவர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். பெண், அதிலும் வெளிநாட்டவர் என்று குரு கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்துவிட்டார். ராஜா சொன்னால் தட்ட முடியுமா? சேர்த்துக்கொண்டார், தானாக ஓடிவிடட்டும் என்பதுபோல் சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் கடும் விதிகள் போட்டார். அம்மணி அசையவில்லை. பின்னாளில் ஹாலிவுட்டில் யோகப் பள்ளியே திறந்தார். நடிகை குளோரியா ஸ்வான்சன் அங்கே மாணவி. வாழ்ந்தது 102 வயதுவரை. மைசூர்பாகு பிறந்ததாகச் சொல்லப்படும் அரண்மனையின் தயவில் இருந்துகொண்டு பத்தியச் சாப்பாடு! எனக்கு அதுதான் பெரிய ஆசனமாகத் தெரிகிறது.