அண்ணன்மார் வாழ்க!

அமெரிக்க விமான நிலையத்தில் ஐம்பதைத் தாண்டிய இருவர், முன்பின் அறியாதவர்கள், ஒருவர் தொப்பியில் இருக்கும் மூன்று கிரேக்க எழுத்தை மற்றவர் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டால் திகைக்க வேண்டாம். இருவருக்கும் கிரேக்கம் தெரியாது. ஹோமர் யார் என்று கேட்டால் கார்ட்டூனில் வரும் மொட்டைத்தலைக்காரரைச் சொன்னாலும் சொல்வார்கள். ஆனால் அந்த மூன்று எழுத்துக்காகப் பதினெட்டு வயதில் நள்ளிரவில் முட்டி போட்டிருக்கிறார்கள், யாரோ ஒருவன் வாந்தியைத் துடைத்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டே இன்னொருவனை முட்டி போட வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் சகோதரத்துவம். முப்பது வருடம் கழித்து இதைப் பேசிப் பேசிக் கண் கலங்குவதற்குப் பெயர் பழைய மாணவர் சந்திப்பு.

அந்த எழுத்துகள் அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கங்களின் பெயர்கள். ஃப்ரெட்டர்னிட்டி என்பது ஆண்களின் சங்கம், சொரோரிட்டி என்பது பெண்களின் சங்கம். 1825இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடி ஊரில், யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சங்கத்தை இந்த வம்சத்தின் மூதாதை என்பார்கள். அதே சங்கத்தில் சேர வந்த கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1873இல் சேர்ப்புச் சடங்குக்காக இரவில் ஊருக்கு வெளியே அழைத்துப்போகப்பட்டு, பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். அவருடைய அப்பா உள்நாட்டுப் போரில் படை நடத்திய தளபதி. போருக்குப் போன அப்பா உயிரோடு திரும்பினார். படிக்கப் போன மகன் திரும்பவில்லை. அன்றைக்கே கடையைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. ஹேங்க் நூவர் என்ற பத்திரிகையாளர் சடங்கின் பெயரால் நடக்கும் இத்தகைய சீண்டல் (ஹேஸிங்) சாவுகளை எண்ணுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். 1959 முதல் 2021 வரை ஒரு வருடம்கூட விடாமல், ஆண்டுக்குக் குறைந்தது ஒரு மாணவராவது அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படி இறந்திருக்கிறார் என்பது அவர் கணக்கு. பாரம்பரியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு வருடம்கூடத் தவறக் கூடாது.

பெரிய மாளிகை, வெள்ளைத் தூண், புல்வெளி என்று சினிமாவில் பார்த்த ஃப்ரெட்டர்னிட்டியை விட்டுவிடுவோம். எனக்கு அதிகக் கோபம் வருவது நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முளைத்த ஃப்ரெட்டர்னிட்டியின் மேல்தான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்லூரியாகப் பிறந்தது. 1976 வரை பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. தையல் கடைக்காரர் மகனும் இறைச்சிக் கடைக்காரர் மகனும் படித்து மேலே வந்த இடம். அங்கே மாளிகையும் இல்லை, புல்வெளியும் இல்லை. வகுப்பு முடிந்தால் எல்லோரும் சுரங்க ரயிலைப் பிடித்து வீட்டுக்கு, அல்லது வேலைக்கு ஓடுவார்கள். நான்கு வருடம் படித்துவிட்டு ஒரு நண்பன்கூட இல்லாமல் வெளியேறுவது அங்கே அதிசயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தோளில் கைபோட்டு, “தம்பி, நாங்க இருக்கோம்” என்று சொன்னால் மனசு இளகத்தான் செய்யும். இளகியவனைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. தோளில் விழுந்த அந்தக் கையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1847இல் பிறந்த அதே நகரக் கல்லூரியில்தான் 1909இல் யூத மாணவர்கள் சேர்ந்து சிக்மா ஆல்ஃபா மியூவைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் மற்ற சங்கங்கள் பல அவர்களைப் படியேற விடவில்லை. வெள்ளையர் மட்டும், கிறிஸ்தவர் மட்டும் என்று பல தேசியச் சங்கங்கள் விதிப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதை அடிப்பதற்கு யாருக்கும் பேனா கிடைக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் 1906இல் கார்னெலில் தங்களுக்கென்று ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைக் கட்டிக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டவர்கள் தங்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வது நியாயம். ஆனால் வீட்டைக் கட்டும்போது, தங்களை வெளியே நிறுத்திய அதே கதவையும், அதே தாழ்ப்பாளையும், அதே பிரம்பையும் அப்படியே நகலெடுத்து மாட்டிக்கொண்டார்களே, அதற்கு என்ன சொல்வது?

2013 டிசம்பருக்கு வருகிறேன். நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரூக் கல்லூரி, மன்ஹாட்டன். பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க மாணவர் சங்கம். நகரத்தில் மாளிகை இல்லாததால் பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் ஒரு வீட்டை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தார்கள். சடங்கின் பெயர் ‘கண்ணாடிக் கூரை’. ஆசியர்களை இந்த நாடு ஒரு உயரத்துக்கு மேல் ஏற விடுவதில்லை அல்லவா, அந்த வேதனையைப் புது உறுப்பினர் உடம்பால் உணர வேண்டுமாம். எவ்வளவு ஆழ்ந்த சமூகச் சிந்தனை! கண்ணைக் கட்டினார்கள். முதுகில் மணல் நிரப்பிய பையை மாட்டினார்கள். குளிரில் இறுகிப்போன தரையில், இருட்டில், வரிசையாக நின்ற அண்ணன்மார் மோதி மோதித் தள்ளினார்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் விழுந்தார். எழவில்லை.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் சகோதரத்துவத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. அவரை உள்ளே தூக்கிப்போனார்கள். ஈர உடையை மாற்றினார்கள். நோய்க்குறிகளை இணையத்தில் தேடினார்கள். மேலிடத்துக்கு ஃபோன் போனது. சங்கத்தின் பெயர் பொறித்த பொருள்களை ஒளித்துவைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது என்று பெரு நடுவர் குழுவின் அறிக்கை சொல்கிறது. பையனைக் காப்பாற்றுவதற்கு முன்னால் சின்னத்தைக் காப்பாற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. மறுநாள் அவர் இறந்தார். ஆசியப் பிள்ளைகளை இந்த நாடு எப்படி நசுக்குகிறது என்று ஆசியப் பிள்ளை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவு கச்சிதமாக முடிந்தது.

37 பேர் மேல் குற்றச்சாட்டு. வாழ்நாள் பந்தம், வாழ்நாள் பந்தம் என்று சேரும்போது வாக்குக் கொடுத்தார்களே, இந்த 37 பேருக்கும் அது கைமேல் கிடைத்தது. 2017இல் ஜூரிகள் சங்கத்தையே குற்றவாளி என்றார்கள். 2018 ஜனவரியில் நீதிபதி 1,10,000 டாலருக்கு மேல் அபராதமும், பென்சில்வேனியாவில் பத்தாண்டு தடையும் விதித்தார். மரணத்துக்கான குற்றத்தை ஒப்புக்கொண்ட நால்வரில் ஒருவருக்கும் 24 மாதத்துக்கு மேல் சிறை இல்லை.

இனி பழைய மாணவர் சந்திப்புக்குப் போவோம். எந்த ஊர், எந்தச் சங்கம் என்பதெல்லாம் முக்கியமில்லை. பாட்டு ஒன்றுதான். “அந்தக் காலத்துல நாங்க படாத பாடா? ஒருத்தனும் சாகல.” இந்த வாக்கியத்தைச் சொல்வதற்கான முதல் தகுதி, சாகாமல் இருப்பது. செத்தவர்கள் சந்திப்புக்கு வருவதில்லை, பெயர் அட்டை வாங்குவதில்லை, மைக்கைப் பிடித்து மறுப்புச் சொல்வதில்லை. ஆகவே தீர்மானம் எப்போதும் ஏகமனதாக நிறைவேறுகிறது. “அதுதான்யா எங்களை மனுஷன் ஆக்குச்சு” என்பது அடுத்த வரி. மனுஷன் ஆனவர்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் மாநிலச் சட்டமன்றத்தில். ஒருவருக்கொருவர் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் மனுஷன் ஆனது என்கிறார்கள்.

இந்த வாக்கியங்களைத் தமிழ் வாசகர் வேறெங்கோ கேட்டிருப்பார். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் நம் பொறியியல் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சீனியர்களின் சாதனைகள் சிரிப்பு முகங்களோடு வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாமும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் நம்மவர்கள் இன்னும் ராகிங்குக்கு மாளிகை கட்டி, சின்னம் பொறித்து, நன்கொடை திரட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

அமெரிக்கப் பழைய மாணவர்கள் அதைக் கற்றவர்கள். இவர்களுடைய நினைவுகூரல் வெறும் வாய்ப்பேச்சு என்று எண்ணுபவர்கள் ஏமாளிகள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் திமோதி பியாசா என்ற மாணவர் இறந்தாரே, அந்த பீட்டா தீட்டா பை மாளிகை, பழைய மாணவர் ஒருவர் பல லட்சம் டாலர் கொட்டிப் புதுப்பித்தது. மது இல்லா மாளிகை என்று பெயர். கேமராக்களும் இருந்தன. அவருக்கு 82 நிமிடத்தில் 18 முறை குடிக்கக் கொடுத்ததை அந்தக் கேமராக்கள்தான் காட்டிக்கொடுத்தன. நிலவறைப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தவரைச் சுற்றி இளைஞர்கள் நடமாடிக்கொண்டே இருந்தார்கள். உதவிக்கு அழைக்க ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. ஒரு மாநிலமே அவர் பெயரில் சட்டம் இயற்றியது. 2024 அக்டோபரில் முன்னாள் உறுப்பினர்கள் இருவருக்குக் கிடைத்த தண்டனை இரண்டிலிருந்து நான்கு மாதம். பழைய மாணவர்களின் பெருந்தன்மை மாளிகையைப் புதுப்பிப்பதில் பாய்ந்தது, அந்த 12 மணி நேரத்தில் ஒரு ஃபோன் அழைப்பாக மாறவில்லை. 2005இல் இந்தச் சங்கங்களுக்கென்று வாஷிங்டனில் ஓர் அரசியல் நிதிக் குழுவே அமைத்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தேர்தல் நிதி கொடுப்பதும் தம்பிகளின் நலனுக்காகத்தான். சீண்டல் கொடுமைகளைக் கல்லூரிகள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. கார்னெல் பள்ளத்தாக்கிலிருந்து கணக்கிட்டால் 151 வருடம். அவசரப்பட்டுவிட்டார்கள்.

சொரோரிட்டி அக்காமார் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கும் பங்குண்டு. அவர்களுடைய வீடுகளில் மது கூடாது என்பது பெரும்பாலான சொரோரிட்டிகளின் தேசிய விதி. நல்ல விதிதான். அதனால் விருந்து பெரும்பாலும் ஆண்களின் வீட்டில், ஆண்கள் ஊற்றும் கோப்பையில், ஆண்கள் காவல் நிற்கும் வாசலில் நடக்கிறது. அக்காமாரின் கண்ணியம் காப்பாற்றப்படுகிறது. தங்கைகள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பது தனி விஷயம். அலபாமா பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் ருசியானது. கறுப்பின மாணவர்களை அந்தப் பல்கலைக்கழகம் நிரந்தரமாக உள்ளே விட்டது 1963இல். அதற்கு ஐம்பது வருடம் கழித்து, 2013இல், நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பினப் பெண் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வெள்ளைப் பெண்களின் சொரோரிட்டியில் இருந்த மாணவிகளே விரும்பினார்கள். தடுத்தவர்கள் யார் தெரியுமா? பழைய மாணவிகள். படிப்பு முடித்துப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, எங்கோ இருந்த அக்காமார். மாணவர் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்து நாடே காறித் துப்பிய பிறகு, நிர்வாகம் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறந்தது. இருபது வயதுப் பெண்களுக்கு வந்த வெட்கம் ஐம்பது வயதுக்காரிகளுக்கு வரவில்லை. நினைவுகளை அவர்கள் அவ்வளவு பத்திரமாகக் காத்து வந்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பணம். 1986இல் காப்பீட்டு ஆணையர்கள் ஆபத்தான தொழில்களை வரிசைப்படுத்தியபோது ஃப்ரெட்டர்னிட்டிக்கு ஆறாவது இடம் கொடுத்தார்கள். நச்சுக் கழிவு அகற்றுபவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்காரர்களும் அதற்குச் சற்றே முன்னால். அதிலிருந்து தேசியத் தலைமையகங்கள் புத்திசாலித்தனமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. விதிப் புத்தகத்தைத் தடிமனாக அச்சிட்டன. மதுவைப் பற்றி ஒரு பக்கம், சீண்டலைப் பற்றி ஒரு பக்கம். சேரும்போது பதினெட்டு வயதுப் பையன் கையெழுத்துப் போடுவான், படிக்க மாட்டான். சாவு விழுந்ததும் தலைமையகம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டும்: “இந்தக் கிளை எங்கள் விதியை மீறிவிட்டது. இவர்களுக்கு எங்கள் காப்பீடு பொருந்தாது.” அப்போதுதான் கோப்பையை ஊற்றிய பையனின் அம்மாவும் அப்பாவும், தங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக முழுசாகப் படிக்க உட்காருவார்கள். வாழ்நாள் அண்ணன்மாரை அந்த நேரத்தில் ஃபோனில் பிடிக்க முடியாது. வழக்கு முடியும்வரை யாரோடும் பேச வேண்டாம் என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அந்த வழக்கறிஞரும் ஒரு பழைய மாணவர்தான், தம்பிகளுக்காகக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறார்.